பூஜைக்கு அணைத்த சர்வர்

ஒரு பகல் முழுக்க என்னை ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். உள்ளே கிடந்த இயந்திரத்தை ஒரே நிமிடத்தில் எழுப்பிவிட என்னால் முடியும். அதை வெளியில் நின்றபடியே சொல்லவும் செய்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிறது; இன்றைக்கு நினைத்தாலும் காதோரம் சூடாகிறது. நாளானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதுவரை சரியான கோபம் வந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். முன்னால் கவுண்டர், பின்னால் நீளமான குடோன், அதன் ஓரத்தில் மருந்து வைக்கும் குளிர்பெட்டிகள். வள்ளியூர், திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று தெற்கே பல ஊர்களின் மருந்துக்கடைகளுக்கு எங்களிடமிருந்துதான் சரக்கு போகும். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த பேட்ச், எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அத்தனையையும் டைப் செய்து ஏற்றியது நான். எட்டு மாதம் ஆயிற்று. அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பி எறும்பு சைஸ் எழுத்தைப் படித்து என் கண்ணுக்குக் கண்ணாடி வந்தது அந்த வருஷம்தான்.

கவுண்டரிலும் குடோனிலுமாக ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்துக்கும் தாய் போல ஒன்று, தனி அறையில், ஏசியில். அதுதான் சர்வர். அது ஓடினால்தான் மற்றவை ஓடும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் அணைத்ததில்லை. தினமும் சாயங்காலம் நான் உள்ளே போய், அன்றைய விவரங்களை டேப்பில் நகல் எடுத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அந்தச் சாவியை வாங்கித் திறக்கிற உரிமை கடையில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. நான் ஒருத்தி. இன்னொருவர் மேனேஜர்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நானேதான். ஜங்ஷன் ரோட்டுப் புழுதி உள்ளே போனால் மெஷின் தாங்காது என்று சொல்லி, கதவில் கையால் எழுதிய காகிதம் ஒன்றை ஒட்டினேன். ஒரு மாதத்தில் மேனேஜர் அந்த அறைச் சுவரில் சரஸ்வதி படம் மாட்டினார். செருப்பில்லாமல் நுழைகிற இடம், குளுகுளுவென்று சுத்தமாக இருக்கிற இடம், அங்கே சாமி இல்லாமல் எப்படி? பிறகு படத்துக்குப் பூ வந்தது, சிவப்பு மின்விளக்கு வந்தது. அதற்கும் பிறகு, கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடம், “அந்த மூணு நாளு அங்கன போகாண்டாம்” என்று சொல்லப்பட்டது. நான் தூசிக்காகப் போட்ட சட்டம் என் கண் முன்னாலேயே தீட்டுச் சட்டமாக மாறியது. பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். எனக்கென்ன, என்னையா சொன்னார்கள் என்று இருந்தேன். அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். மேனேஜரையும் முன்பு அப்படித்தான் கூப்பிட்டார்களாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு தன்னை ‘சார்’ என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். இருபது வருஷம் அரிசி மண்டியில் இருந்துவிட்டு மருந்துக்கு வந்தவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டி வந்தால் சுவரைப் பார்த்துக் கேட்பார்.

சர்வர் வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா மெஷினையும் அணைத்துவிட வேண்டும், மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி போட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். தராசிலிருந்து சைக்கிள் வரை அன்றைக்கு ஓய்வு, அது சரிதான். எங்கள் வீட்டில் அம்மா அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு வைப்பாள். ஆனால் ஓடிக்கொண்டே இருப்பதற்கென்று செய்த மெஷினை எதற்கு நிறுத்த வேண்டும்?

“சார், சர்வரை மட்டும் விட்டுருவோம். அணைச்சாத்தான் தொந்தரவு” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்து, “சாமிக்கு முன்னால எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

சரி என்று முறைப்படி அணைத்தேன். முதலில் டேப்பில் நகல் எடுத்தேன். ஐந்து கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகச் சர்வர் தொடர்பிலிருந்து விடுவித்து அணைத்தேன். சர்வருக்கு நிறுத்தும் கட்டளை கொடுத்து, அது முடித்துவிட்டதாகத் திரையில் சொன்ன பிறகு சுவிட்சை அணைத்தேன். செய்தது அத்தனையையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, மறுநாள் எந்த வரிசையில் போட வேண்டும் என்பதையும் அடியில் எழுதி, சர்வர் மேலேயே வைத்தேன். “காலையில நான் வந்து போடுதேன் சார்” என்று இரண்டு தடவை சொன்னேன். வீட்டிலும் பூஜை என்பதால் கடைப் பூஜைக்கு நிற்காமல், பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நாலரை மணி பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பஸ் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. குலசேகரன்பட்டினம் தசரா உச்சத்தில் இருந்த நாள். டவுன் பஸ்ஸில் பாதியைக் குலசைக்கு ஸ்பெஷலாக விட்டுவிட்டார்கள். வண்ணாரப்பேட்டை நிறுத்தத்தில் குலசைக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள், முகமெல்லாம் பச்சைச் சாயம் பூசிய ஒரு ராஜாவும், நாக்கைத் தொங்கவிட்ட இரண்டு காளிகளும் என்னோடு சேர்ந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் கடைக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. நல்ல நேரம் ஒன்பது மணிக்கே ஆரம்பித்திருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேனேஜர் நின்றார். முன்நெற்றியில் சந்தனம், சட்டை முதுகில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் வியர்வை. சர்வரை அடையாளமே தெரியவில்லை. உச்சியிலிருந்து அடிவரை சந்தனப் பொட்டு, குங்குமம், முகப்பை மறைத்துக்கொண்டு கனமான செவ்வந்தி மாலை. அவர் சுவிட்சைப் போடுவார், மாலை லேசாக நடுங்கும், திரையில் வெள்ளையாக ஒரு வரி வரும், அதோடு நின்றுவிடும். அணைப்பார். சாமி படத்தைப் பார்ப்பார். மறுபடி போடுவார். நான் எழுதி வைத்த தாள் அவர் காலடியில் கிடந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினேன். அவர் உள்ளிருந்து ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லு” என்றார். “அங்கனயே நில்லு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாமதமாக வந்ததற்குக் கோபம் என்று நினைத்து பஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. என் தலைக்கு மேலே யாரையோ பார்த்துக் கண்ணைக் காட்டினார். குடோனில் பெட்டி கட்டும் அக்கா ஒருத்தி இருந்தாள், அம்மா வயது. கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு என் முழங்கையைப் பிடித்துக் குளிர்பெட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

“கோவிச்சுக்கிடாத பிள்ள” என்றாள். “சார் கேக்கச் சொன்னாவ. நேத்து நீ மெஷினத் தொட்டயில்லா, அப்பம்... தூரமா இருந்தியா?”

தூரம். மாதத்தில் மூன்று நாள் பெண்ணை ஒதுக்கி வைக்க எங்கள் பக்கத்தில் உள்ள சொல். இடுப்பொடிய உட்கார்ந்து நான் ஏற்றிய மெஷின் எழுந்திருக்கவில்லை என்றதும், கரண்ட் வருகிறதா என்று பார்க்கவில்லை, கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்க்கவில்லை, தாளில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. முதலில் சந்தேகம் வந்தது என் உடம்பின் மேல். அதையும் நேராகக் கேட்க அவருக்கு வெட்கம். கேட்கத்தான் வெட்கம், நினைக்க வெட்கமில்லை.

“அவர என்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க” என்றேன்.

“அதெப்படிளா ஆம்பள கேப்பாவ?” என்றாள் அக்கா. பிறகு குரலை இறக்கி, “இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள போயேன். இருந்தாலும் இல்லாட்டாலும் யாரு பாக்கப் போறா?” என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளும் முப்பது வருஷமாக அப்படிச் சொல்லித்தான் பிழைத்திருப்பாள். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் கதவு திறந்துவிடும், அது தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தக் கதவில் அந்தக் கேள்வி நிற்கும். மெஷின் எப்போது தும்மினாலும் என்னைக் கேட்பார்கள். இல்லை என்று சொல்வது, கேட்டது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்வது. அன்றைக்கு இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். “சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

சொல்லவில்லை என்றால் அவர்களுக்கு ஆமாம் என்று அர்த்தம். மேனேஜர் வெளியே வந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். விரலை எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார். போன மாதம் நான் தலைவலி என்று அரை நாள் அனுமதி வாங்கிய தேதியைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து விரல் விட்டு எண்ணினார். கடையில் ஆண்கள் எட்டுப் பேர் நிற்க, என் உடம்பின் கணக்கை ஒரு மனுஷர் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும், யாரும் கேட்காமலே, “சரியாத்தான் வருது” என்றார்.

தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது. அந்தத் தலைவலி தலைவலிதான். அதைக்கூட நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் எனக்கில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் மதுரைக்கு போன் போட்டார். சர்வர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அங்கேதான் இருந்தார். “டிஸ்க் எரருங்கான். ரீப்ளேஸ் பண்ணச் சொல்லுதான். ஆமா வே, இங்கிலீஸ்லதான் போட்டிருக்கான். புது டிஸ்க் எடுத்துக்கிட்டு ஒடனே வாரும்” என்று கத்தினார். அப்போதுதான் திரையில் வந்த வரி என்ன என்று எனக்குத் தெரிந்தது. மேனேஜர் போனைக் கீழே வைத்துவிட்டு, மனம் கேட்காமல், மறுபடியும் உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். நான் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன்.

கர்ர்ர், கர்ர்ர் என்று ஒரு சத்தம். செவ்வந்தி மாலைக்குள்ளிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் மினுக்கியது.

அது ஃப்ளாப்பி டிரைவின் சத்தம். ஃப்ளாப்பியை இப்போது பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கை அளவு சதுர பிளாஸ்டிக் தகடு, விவரங்களைப் பதிந்து வைப்பதற்கு. மெஷினின் முகப்பில் அதைச் செருக ஒரு வாய் இருக்கும். அந்தக் கால மெஷின் எழுந்ததும் முதல் வேலையாக அந்த வாயில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்றும் இல்லாவிட்டால் ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம், அதோடு தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்கைத் தேடிப் போய்விடும். ஃப்ளாப்பி இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றிப் படித்துப் பார்த்து, தனக்கு வேண்டியது அதில் இல்லை, இதை மாற்று என்று சொல்லி நின்றுவிடும். கவுண்டர் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான்; கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் தினமும் காலையில் அவற்றை எழுப்பியவள் நான். எந்தச் சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? யாரோ உள்ளே ஒரு ஃப்ளாப்பியை வைத்திருக்கிறார்கள். அதை வெளியே எடுத்தால் தீர்ந்தது.

“சார்!” என்று கதவைத் தட்டினேன். “ஃப்ளாப்பி உள்ள இருக்கு. மாலைய விலக்கிட்டு, அந்தப் பொத்தான அமுக்கி வெளிய எடுங்க. ஓடிரும்.”

அவர் முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்து போனது. பிறகு, “பூஜ மாலையில நீ கைய வைக்கச் சொல்லுதியா? தானா வாடி விழுற வரைக்கும் எடுக்கப்படாது. பேசாம இரி” என்றார்.

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கவுண்டரில் இருந்த ஆண்களைப் பார்த்துச் சொன்னேன். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர், “இன்ஜினியர் வந்து பாக்கட்டுமே” என்றார். மதுரையிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் வருகிற ஆள் வந்து பார்க்க வேண்டும். நாலு அடி தள்ளி நிற்கிறவள் சொன்னால் அது பேச்சில்லை.

பதினோரு மணிக்கு முதலாளி அண்ணாச்சி வந்தார். மேனேஜர் அவரை ஓரமாகக் கூட்டிப் போய்க் குசுகுசுவென்று பேசினார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். “இந்த வேலைக்கு ஒரு ஆம்பளப் பயல வச்சிக்கிடுவோம் அண்ணாச்சி. நமக்கு இந்தத் தொல்லையே கெடையாது.”

அந்த வரிதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டில் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருந்ததால்தான் ‘ஒரு வருஷம் போகட்டும்’ என்று நான் சொல்வது எடுபட்டது. வேலை போய்விட்டது என்று சாயங்காலம் போய் நின்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள். அதுவும் என்ன காரணத்துக்காகப் போனது என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? வேலையும் போய், மானமும் போய், அதற்குக் காரணம் ஒரு ஃப்ளாப்பி. உள்ளே போக விட்டால் ஒரு விரலால் அழுத்திச் சரி செய்துவிடுவேன்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளிடம் பேசுவது போல, “ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத தாயி. அவன் வார வரைக்கும் இங்கனயே இரு. உள்ள போகாண்டாம்” என்றார்.

“ஃப்ளாப்பிய எடுத்தா போதும் அண்ணாச்சி.”

“சரி, சரி. இரு.”

அந்த ‘சரி, சரி’யைப் பெண்ணாகப் பிறந்த எல்லோரும் கேட்டிருப்போம். குழந்தையைத் தூங்க வைக்கிற குரல் அது.

இதற்கிடையில் மருந்து கேட்டு போன் மேல் போன். குலசையில் லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள், வாந்தியும் மயக்கமுமாக விழுகிறார்கள், உப்புச் சர்க்கரைப் பாக்கெட் அனுப்புங்கள் என்றார் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். காயல்பட்டினத்திலிருந்து இன்சுலின் கேட்டார்கள். சரக்கு எல்லாம் குடோனில்தான் இருந்தது. ஆனால் எந்த அலமாரி என்று எவருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் மனதில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டியாக ஏற்றியவள் இல்லையா? “மூணாவது வரிசை, கீழ்த் தட்டு, இடது ஓரம்” என்று சொல்லச் சொல்ல அக்கா எடுத்து வந்தாள். பேட்ச் எண்ணைப் பெட்டியிலேயே பார்த்துக் கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினேன். மத்தியானம் ஒரு மணிக்குள் அறுபது பில். சாப்பிடவில்லை. இதற்கெல்லாம் நான் தூரமா கிட்டமா என்று யாரும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியைத் தொடலாம், நோயாளி வாயில் போடும் மாத்திரையைத் தொடலாம். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் தொடக் கூடாது.

மூன்றரை மணிக்கு இன்ஜினியர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். டை கட்டியிருந்தார். அவருக்கு நாற்காலி, காபி, மின்விசிறி எல்லாம் வந்தன. காபி குடித்து முடிக்கும் வரை மேனேஜர் அவரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இன்ஜினியர் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி, காலுறையோடு உள்ளே போனார். மேனேஜர் கூடவே போனார்; அண்ணாச்சி கதவருகே நின்றார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர் சுவிட்சைப் போட்டார். சத்தத்தைக் கேட்டார். அவருக்கும் உடனே தெரிந்துவிட்டது, தெரியாமல் இருக்குமா? மேனேஜரிடம் கேட்கக்கூட இல்லை, மாலையை ஒரு கையால் ஒதுக்கினார். பூஜை மாலைதான். ஒதுக்கினார், மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தானை அழுத்தினார். ஃப்ளாப்பி வெளியே வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டியபடி, ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டார். ‘டக்’. திரை முழுக்க வரிகள் ஓடின. கவுண்டரிலும் குடோனிலும் ஐந்து கம்ப்யூட்டர்களும் உயிர் பெற்றன.

வெளியே வந்தவர், “பூட் ஆகுறதுல ஒரு சின்ன சிக்கல்ண்ணே. சரியாப்போச்சு. இனி பயமில்ல” என்றார்.

மேனேஜர் கையைக் கூப்பிச் சாமி படத்தைக் கும்பிட்டார். அண்ணாச்சியைப் பார்த்து, “பாத்தேளா? காலையிலேருந்து அவள வெளிய நிறுத்துனதுக்கு அப்புறந்தான் கண்ணத் தொறந்திருக்கு” என்றார்.

அதுவரை தாங்கிக்கொண்டிருந்தேன். அலமாரி, பில், போன் என்று எதிலாவது கோபத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். இந்த வார்த்தையில் எல்லாம் போயிற்று. நேராக இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன்.

“உங்க சட்டைப் பையில இருக்கிறத எடுங்க” என்றேன்.

“என்னங்க?”

“டிரைவிலேருந்து எடுத்துப் பையில போட்டீங்களே, அத எடுங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நான் காலையில பத்து மணிக்குச் சொன்னதத்தான் நீங்க இப்போ செஞ்சிருக்கீங்க. அத அவங்ககிட்ட சொல்லுங்க.”

என் குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். ஆனால் பெண்ணுக்கு ஆத்திரம் வந்தாலும் அழுகை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அவர் மேனேஜரைப் பார்த்தார். பாவம், அவர் வந்து வேலை பார்த்ததற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர்தான். இருந்தும் இன்ஜினியர் ஃப்ளாப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

புத்தம் புது ஃப்ளாப்பி. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். லேபிளில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ‘லாபம்’ என்று எழுதியிருந்தது. அந்த வளைந்த எழுத்தைக் கடையில் தெரியாதவர் இல்லை.

பிறகு மேனேஜரே வாயைத் திறந்தார். முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “மண்டியில பூஜைக்கு மரக்கால வெறுமனே வைக்க மாட்டோம். நெல்லு போட்டு நெறச்சுத்தான் வைப்போம். இது வாயத் தொறந்துக்கிட்டு காலியா இருந்துச்சு. வருசம் பூரா காலியாவே இருந்துருமேன்னுட்டு, ஒண்ண எழுதி உள்ள வச்சேன். அதுல போயி இப்பிடி வரும்னு யாரு கண்டா?”

அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அளக்கிற படியை நிறைத்து வைத்துப் பழகிய கை அது; ஆசையோடுதான் செய்திருக்கிறார். செய்தது பிழையே இல்லை, தெரியாமல் செய்தது. ஆனால் நான் ஃப்ளாப்பி என்று கத்தியபோது அவருக்குத் தெரியும். உள்ளே வைத்தது அவர்தான் என்று தெரியும். தெரிந்தும், தன் கை பட்டது தப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, என் உடம்பு தப்பு என்று ஆறு மணி நேரம் நிற்க விட்டார். அதை நினைத்ததும் இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லோரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். ஒரு நாள் முழுக்க எனக்கு நடந்தது அவர்களுக்கு அரை நிமிடத்தில் வேடிக்கையாகிவிட்டது. “சரி விடு தாயி. ஓடுதுல்லா? அது போதும்” என்றார் அண்ணாச்சி. யாராவது ஒருவர் ‘தப்பு பண்ணிட்டோம்’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். இன்றைக்கும் காத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நகல் எடுக்கும் நேரம் வந்தது. சாவி வாங்க அண்ணாச்சி அறைக்குப் போனேன். மேசையில் சாவி இருந்தது. அவர் அதைத் தரவில்லை. தயங்கி, “நீயே பாத்துக்க தாயி. வேற ஆளெல்லாம் வேண்டாம். ஆனா, அந்த மூணு நாளு மட்டும் வேற யாரையாவது விட்டு...” என்று இழுத்தார்.

“மாசம் முப்பது நாளும் நான் உள்ள போவேன் அண்ணாச்சி” என்றேன். “இல்லன்னா ஒரு நாளும் போக மாட்டேன். நாளைக்கே வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் எழுதி வச்ச தாளு அங்கன கீழ கெடக்கு, அவங்களுக்கு ஒதவும்.”

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையின் புகைப்படம்கூடக் கண் முன்னால் வந்து போனது. காலையில் கையால் எழுதிய பில்களின் கார்பன் நகல்கள் அண்ணாச்சி முன்னால் அடுக்கியிருந்தன. அதைப் பார்த்தார். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டேன்.

கதவருகே போனபோது, “தாயி” என்று கூப்பிட்டார். எழுந்து வந்து, சுற்றிலும் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, ரகசியம் போலக் கேட்டார்.

“எல்லாம் சரி. உள்ளதச் சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நேத்து நீ தூரமா இருந்தியா, இல்லியா?”

ஃப்ளாப்பி மேசையில் கிடக்கிறது. செய்த ஆள் ஒத்துக்கொண்டாயிற்று. மெஷின் ஓடுகிறது. அதற்குப் பிறகும் நல்லவரான அந்த மனுஷருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் டேப்பை மாட்டி நகல் எடுத்தேன். அந்தக் கடையில் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தேன், மாதம் முப்பது நாளும் உள்ளே போனேன், ஒரு நாளும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கும் நடுவில் எங்கேயாவது அந்தக் கேள்வி வந்திருக்கும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.